கிராபிக்ஸ் கார்டைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள்

"முப்பதாயிரத்துக்குள்ள எந்த கார்டு நல்லது?" கேமின் படங்களைத் திரைக்கு வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டைப் பற்றி, புதிதாக கேமிங் பிசி சேர்க்க நினைக்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி இது. பதில் சொல்கிறவர்களும் உடனே ஒரு மாடல் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். கேட்டவரிடம் என்ன மானிட்டர் இருக்கிறது, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் என்ன எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பகுதி) இருக்கிறது, அவர் ஆடப்போவது லேசான போட்டி கேமான வாலரன்ட்டா, கனமான கதை கேமான சைபர்பங்க்கா என்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. காசு வீணாகிற இடம் பெரும்பாலும் இதுதான். கார்டு மோசமாக இருப்பதால் அல்ல, அந்தக் கார்டின் வேகத்தில் பாதி அந்த வீட்டில் எந்தப் பயனும் இல்லாமல் போய்விடுவதால்.

அதனால் நான் சொல்லப்போகும் வரிசை வழக்கத்துக்குத் தலைகீழாக இருக்கும். மானிட்டர், கேம், பெட்டிக்குள் இருப்பவை, அப்புறம்தான் கார்டு. இந்த வரிசையில் வந்தால் சந்தையில் இருக்கிற நாற்பது ஐம்பது மாடலும் தானாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

முதலில், கார்டு வாங்கத்தான் வேண்டுமா?

சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன். வாலரன்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கின் பழைய பதிப்புகள், மைன்கிராஃப்ட், 2015-ல் பிசிக்கு வந்த ஜிடிஏ 5, இவ்வளவுதான் உங்கள் உலகம் என்றால், புராசஸரிலேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி அல்லது அதைவிடப் புதிய 8600ஜி போன்றவை செட்டிங்கைக் குறைத்து வைத்தால் 1080பி-யில் (1920×1080 புள்ளிகள் உள்ள திரையில்) இவற்றைச் சமாளிக்கும். இப்படி ஒரு புராசஸர் ஏற்கெனவே இருந்து, கேம் திக்கினால், கார்டு வாங்கும் முன் ரேமைப் பாருங்கள். ஒரே ஒரு 8 ஜிபி குச்சி போட்டிருக்கிறார்களா? அதே அளவில் இன்னொன்று வாங்கி, மதர்போர்டின் கையேட்டில் சொன்ன ஸ்லாட்டில் போடுங்கள். புராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, சிஸ்டம் ரேமைத்தான் அது பயன்படுத்துகிறது. ஒரு குச்சி இரண்டானால் அதற்குக் கிடைக்கும் வேகமும் இரண்டு மடங்காகிறது. கார்டு விலையில் சின்னப் பங்குதான் செலவு, வித்தியாசம் கண்ணில் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இன்டெல் புராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால், அதாவது 12100எஃப், 12400எஃப் மாதிரி, அதில் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையே வராது. "கார்டு ஆறு மாசம் கழிச்சு வாங்கிக்கலாம்" என்று திட்டமிட்டு எஃப் புராசஸரை வாங்கிவிட்டால் ஆறு மாதமும் கறுப்புத் திரைதான்.

மானிட்டர் சொல்லும் கணக்கு

இப்போது மானிட்டரைப் பாருங்கள். இரண்டு எண் போதும்: ரெசல்யூஷன் (திரையில் எத்தனை புள்ளிகள்), ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை படங்கள், ஹெர்ட்ஸில்).

1080பி மானிட்டரில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம், அதாவது 1080பி-யைப் போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், இத்தனை புள்ளிகளையும் கார்டு வரைந்து முடிக்க வேண்டும். கார்டின் விலையை நிர்ணயிப்பது முக்கால்வாசி இதுதான்.

அடுத்து ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு நொடியில் 60 படங்களைத்தான் காட்டும். உங்கள் கார்டு 150 ஃப்ரேம் தயாரித்தாலும் நீங்கள் பார்ப்பது அறுபதுதான். போட்டி கேம்களில் அதிக எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்) இருந்தால் மவுஸ் அசைவுக்குப் பதில் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கதை கேம் ஆடுகிறவர் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு ஐம்பதாயிரம் ரூபாய் கார்டு வாங்குவதில் அர்த்தமே இல்லை. அந்தப் பணத்தில் நடுத்தரமான கார்டு ஒன்றும் 144 அல்லது 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றும் வாங்கினால் ஒவ்வொரு நாளும் வித்தியாசம் தெரியும். சும்மா டெஸ்க்டாப்பில் மவுஸை நகர்த்தினால்கூடத் தெரியும்.

1080பி மானிட்டர்தான் இருக்கிறது, இன்னும் இரண்டு வருடத்துக்கு மாற்றும் எண்ணமில்லை என்றால், 1080பி-க்கு வாங்குங்கள். "நாளைக்கு 4கே வாங்கினா?" என்று யோசித்து இன்றே அதற்கான கார்டை வாங்குகிறவர், அந்த 4கே மானிட்டர் வீட்டுக்கு வரும் நாளில் அதே பணத்துக்கு இன்னும் வேகமான கார்டு கடையில் இருப்பதைப் பார்ப்பார்.

எந்த கேம் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு காகிதத்தில், அடுத்த ஒரு வருடத்தில் நீங்கள் உண்மையாகவே ஆடப்போகும் ஐந்து கேம்களை எழுதுங்கள். யூடியூபில் பார்த்து ஆசைப்பட்டவை அல்ல, ஆடப்போகிறவை. பெரும்பாலானவர்களின் பட்டியலில் மூன்று போட்டி கேம்களும் பழைய கதை கேம் ஒன்றிரண்டும்தான் வரும். அதற்கு ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 6600 தரத்தில் ஒரு கார்டு தாராளமாகப் போதும்.

பட்டியலில் புதிய பெரிய கேம்கள் இருந்தால் கணக்கு மாறுகிறது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வசதி கார்டின் வன்பொருளிலேயே இருந்தால்தான் ஓடும். செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. என்விடியா கம்பெனியின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் இன்றைக்கும் வேகமான கார்டுதான், ஆனால் அதற்கு அந்த வசதி கிடையாது. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் கீழே குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டு நிமிடம் படித்துவிட்டு வாருங்கள்.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

சலிப்பான வேலை, ஆனால் இங்கே கோட்டை விட்டால் கார்டோடு சேர்த்து வேறு பொருளும் வாங்க வேண்டி வரும்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தொடங்கலாம். கேபினெட்டோடு இலவசமாக வந்த '450 வாட்' பெட்டியை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் பிளஸ் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவதுதான் கார்டும் புராசஸரும் பங்குபோட்டுக்கொள்ளும் உண்மையான வாட். 18 ஆம்பியர் என்று இருந்தால் 216 வாட்தான், மேலே 450 என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், 5060-க்கு 145, ஆர்எக்ஸ் 7600-க்கு 165, இன்டெல் ஆர்க் பி580-க்கு 190, ஆர்டிஎக்ஸ் 5070-க்கு 250 வாட் தேவை. 12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். கூட்டிப் பார்த்து, அதற்கு மேல் நல்ல இடைவெளி விட்டு, தெரிந்த பிராண்டில் 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் நடுத்தர கார்டுகள் பலவற்றுக்குக் கவலையில்லை. 80 பிளஸ் புரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்பதெல்லாம் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை. அது மட்டுமே தரத்துக்குச் சான்று ஆகாது. கார்டில் ஐயாயிரம் மிச்சப்படுத்தி எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் எஸ்எம்பிஎஸ்ஸால் எஃப்பிஎஸ் ஏறாது.

யுபிஎஸ்ஸையும் மறந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் இருக்கும் 600 விஏ பெட்டி தாங்குவது 360 வாட் அளவுக்குத்தான். பெரிய கார்டில் கேம் ஓடும்போது கரண்ட் போனால், மானிட்டரையும் சேர்த்தால் சுமை அதைத் தாண்டிவிடலாம், எல்லாம் ஒரே நொடியில் அணைந்துபோகும். பெரிய கார்டு வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் கார்டு விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மின்கட்டணமும் அப்படியே. 115 வாட் கார்டுக்கும் 250 வாட் கார்டுக்கும் 135 வாட் வித்தியாசம். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் அறுபது நாளில் சுமார் 24 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள் என்பதால் நேரடியாக அந்தக் கணக்கில் போய் உட்காரும். கார்டு வெளியேற்றும் சூட்டைத் தணிக்க ஏசி போடுகிறவர் அதையும் சேர்க்க வேண்டும். மே மாதச் சென்னையில் 250 வாட் கார்டு என்பது சின்ன அறைக்குள் ஒரு சிறிய ஹீட்டர்தான்.

அடுத்து புராசஸர். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 6600 எல்லாம் கார்டைச் செருகும் ஸ்லாட்டில் தகவல் போகும் பதினாறு தடங்களில் எட்டைத்தான் பயன்படுத்துகின்றன. புதிய போர்டில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பி450, ஏ520 போன்ற போர்டுகளிலும், எந்தப் போர்டில் போட்டாலும் ரைசன் 5 5600ஜி-யிலும் கிடைப்பது பிசிஐஇ 3.0 என்ற பழைய இணைப்பு மட்டுமே, அதாவது ஒவ்வொரு தடத்திலும் 4.0-இன் பாதி வேகம். பெரும்பாலான கேம்களில் இழப்பு சொற்பம். கார்டின் மெமரி நிரம்பி வழியும்போதுதான் வலிக்கும். மோசமான உதாரணம் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 2022 ஜனவரியில் வந்தது, 4 ஜிபி மெமரி, நான்கே தடம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பிசிக்கு அதை வாங்கினால் மாட்டிக்கொள்வது அந்தப் பழைய பிசிதான். போதாக்குறைக்கு வீடியோ பதிவு செய்ய உதவும் என்கோடரும் அதில் இல்லை.

பி580-யும் இதே வகைக் குழிதான், ஆனால் வேறு காரணத்துக்கு. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபி மெமரியோடு வந்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டிய கார்டும்தான். அப்புறம்தான் ரைசன் 5 2600 போன்ற பழைய புராசஸரோடு சேர்ந்தால் அதன் வேகம் எதிர்பார்த்ததைவிட நிறையச் சரிகிறது என்று தெரியவந்தது. அதற்கு ரீசைசபிள் பார் என்ற வசதி (கார்டின் மெமரி முழுவதையும் புராசஸர் ஒரேயடியாக அணுக விடுவது) போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸில் இயங்க வேண்டும்; புதிய புராசஸரும் போர்டும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கடைசியாக டேப் எடுத்து அளந்துவிடுங்கள். கேபினெட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரை எத்தனை மில்லிமீட்டர்? மூன்று ஃபேன் கார்டுகள் 300 மில்லிமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும்.

ரீஃபர்பிஷ்டு டெல், எச்பி ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கி அதில் கார்டு போட நினைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான மின் கேபிள் பெரும்பாலும் வராது. ஸ்லாட் மட்டுமே தருகிற 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் உங்களுக்கு. ஜிடிஎக்ஸ் 1650-ல் கேபிள் தேவையில்லாத மாடல்கள் உண்டு; அதைவிட நல்லது 2024 தொடக்கத்தில் வந்த 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. பெட்டி ஒல்லியாக இருந்தால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த மாடல்) என்று கேட்டு வாங்க வேண்டும், சாதாரண கார்டு மூடிக்குள் அடங்காது.

பெயர் ஒன்று, கார்டு வேறு

இனிமேல்தான் கார்டு. இங்கே முதல் பாடம், பெட்டியின் மேல் இருக்கும் பெயரைப் பாதிதான் நம்ப வேண்டும்.

மேலே சொன்ன ஆர்டிஎக்ஸ் 3050-யையே எடுத்துக்கொள்ளுங்கள். 6 ஜிபி என்பதும் 8 ஜிபி என்பதும் மெமரியில் மட்டும் வேறுபடவில்லை. 8 ஜிபி கார்டில் 2560 கோர் (கணக்குப் போடும் அலகு), 6 ஜிபி-யில் 2304, மெமரி பாதையும் குறுகியது. ஆர்டிஎக்ஸ் 3060-க்கும் இப்படித்தான்: 2021-ல் வந்த 12 ஜிபி மாடலின் மெமரி பாதை 192 பிட், பிறகு வந்த 8 ஜிபி மாடலில் 128 பிட். ஜிடி 1030-ல் நடந்தது அதைவிட மோசம். 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்ததை அடுத்த வருடம் சாதாரண டிடிஆர்4 மெமரி போட்டு, அதே பெயரில் விற்றார்கள், வேகம் எங்கேயோ போய்விட்டது. 2014-ல் வந்த ஜிடி 730-யை இன்றைக்கும் '4 ஜிபி கேமிங் கார்டு' என்று ஆன்லைனில் போடுகிறார்கள். 2021-லேயே புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) அதற்கு நின்றுபோனது. திரையில் படம் வர அது போதும், கேமுக்கு ஆகாது.

லேப்டாப் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070-ல் 12 ஜிபி, லேப்டாப் 4070-ல் 8 ஜிபி, பெயர் ஒன்றேதான். ஒரே லேப்டாப் 4060 கூட எந்த உடலுக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்து 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வாட் எத்தனை என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

விரேம் எவ்வளவு வேண்டும் என்பது அடுத்த சண்டை. விரேம் என்பது கார்டு தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் வேலை மேசை மாதிரி. மேசை நிறைந்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் அடுத்த அறைக்கு, அதாவது சிஸ்டம் ரேமுக்கு, எழுந்து போய் எடுத்து வர வேண்டும். அப்போதுதான் சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத் தெரிந்தும் கேம் நடுநடுவே திக்கும். சில கேம்கள் திக்காமல், சுவரும் முகமும் களிமண் போலத் தெரியும்படி டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படத்தை) தானே குறைத்துவிடும்.

என் கணக்கு இது. 4 ஜிபி போட்டி கேம்களுக்கு மட்டும், அதுவும் பழைய கார்டாக மிக மலிவாகக் கிடைத்தால். 6 ஜிபி கஷ்டப்பட்டு ஓட்டலாம். 1080பி-யில் 8 ஜிபி இன்னும் ஓடுகிறது, ஆனால் புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை ஒரு படி இறக்க வேண்டி வரும், அதற்குத் தயாராக இருந்தால் வாங்கலாம். 1440பி என்றால் 12 ஜிபி-க்குக் கீழே போக வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 2025 ஏப்ரலில் வந்தபோது 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அதே வருடம் ஜூனில் வந்தது, 8 ஜிபி 299, 16 ஜிபி 349. இரண்டிலும் வித்தியாசம் 50 டாலர்தான். அந்த 50 டாலர் நல்ல செலவு, ஏனென்றால் சிப்பின் வேகம் மிச்சமிருக்கும்போதே மெமரி தீர்ந்துபோவதுதான் 8 ஜிபி மாடலின் பிரச்சினை. ஆனால் மெமரி மட்டும் அதிகமாக உள்ள மெதுவான கார்டை இந்தக் காரணத்தைச் சொல்லி உங்கள் தலையில் கட்ட வந்தால் வாங்காதீர்கள்.

விளம்பரத்தில் வரும் ஃப்ரேம் கணக்கு

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மேடையில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 பழைய 4090-க்கு இணையான வேகம் தரும் என்றார். 4090 வெளியானபோது அதன் விலை 1,599 டாலர். கார்டு கைக்கு வந்து சோதித்தபோது அப்படியில்லை. அந்த ஒப்பீட்டின் பெரும்பகுதி ஃப்ரேம் ஜெனரேஷன் என்ற வித்தையில் நின்றது.

அப்ஸ்கேலிங், ஃப்ரேம் ஜெனரேஷன் இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர், இன்டெல்லின் எக்ஸ்இஎஸ்எஸ் என்பவற்றின் அடிப்படை வேலை அப்ஸ்கேலிங்: குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது. நிஜமாகவே உதவுகிற விஷயம், தயங்காமல் பயன்படுத்துங்கள். டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டில் மட்டும். எஃப்எஸ்ஆரின் முந்தைய பதிப்புகள் எல்லா கார்டிலும் ஓடும், படத்தின் தரம் மேம்பட்ட எஃப்எஸ்ஆர் 4-ஐ ஏஎம்டி ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்று கொண்டுவந்தது. ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு. இரண்டு உண்மையான ஃப்ரேம்களுக்கு நடுவே கற்பனையாக ஒன்றோ மூன்றோ செருகுவது. பார்க்க வழவழப்பாக இருக்கும், ஆனால் மவுஸை அசைத்தால் கேம் பதில் சொல்லும் நேரம் குறையாது, சற்றுக் கூடவே செய்யும். ஏற்கெனவே 60 ஃப்ரேம் வரும் கேமை 120 ஆகக் காட்ட நல்ல வசதி. 25 ஃப்ரேமில் திணறும் கேமைக் காப்பாற்றாது. எனவே ஒரு கார்டு 'இரண்டு மடங்கு வேகம்' என்று வரைபடம் காட்டினால், கீழே பொடி எழுத்தில் ஃப்ரேம் ஜெனரேஷன் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் படத்தை மூடிவிடலாம்.

விமர்சனங்களுக்குக் கேமர்ஸ் நெக்ஸஸ், ஹார்ட்வேர் அன்பாக்ஸ்டு போன்ற சானல்கள் சோதனை முறையைச் சொல்லிவிட்டுச் சோதிக்கிறார்கள். இரண்டு கார்டு பெயரையும் ஓடும் எண்களையும் மட்டும் காட்டிவிட்டு, கார்டைக் கையில் வைத்துக்கூடக் காட்டாத ஒப்பீட்டு வீடியோக்கள் யூடியூபில் ஏராளம்; அவற்றை நம்பிக் காசைப் போடாதீர்கள். நல்ல விமர்சனத்திலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கார்டின் முழு வேகம் தெரிவதற்காக அவர்கள் சந்தையிலேயே வேகமான புராசஸரோடு சோதிப்பார்கள், உங்கள் ஐ3 புராசஸரில் அந்த எண் வராமல் போகலாம். இன்னொன்று, சராசரிக்குப் பக்கத்தில் '1% லோ' என்று ஒரு எண் இருக்கும். மோசமான நேரங்களில் ஃப்ரேம் எவ்வளவு விழுகிறது என்பது அது. சராசரி 90, ஒரு சதவீத லோ 35 என்றால் அந்த கேம் திக்கும்.

விலையை எப்படிப் பார்ப்பது

டாலர் விலையில் வரி சேராது. இந்தியாவில் கார்டுக்கு 18% ஜிஎஸ்டி. 299 டாலர் கார்டை, டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சுமார் 25,400. வரியோடு 30,000 ஆகிறது. அன்றைய டாலர் மதிப்பைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள், கடைக்காரர் சொல்லும் விலை நியாயமா இல்லையா என்று ஓரளவு பிடிபடும். 2025 கடைசியில் மெமரி சிப்களின் விலை கடுமையாக ஏறியது, கார்டிலும் மெமரி சிப்தானே இருக்கிறது, அதனால் வெளியீட்டு விலையை ஒரு அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கார்டுக்கு நடுவே தடுமாறினால் ஒரு சின்ன வகுத்தல் போதும். உதாரணத்துக்கு, முதல் கார்டு 25,000 ரூபாய், உங்கள் கேமில் 80 ஃப்ரேம் தருகிறது. இரண்டாவது 34,000, 96 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு 312 ரூபாய், 354 ரூபாய், பெரிய வித்தியாசமில்லை போலத் தெரியும். ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் 16 ஃப்ரேமுக்கு நீங்கள் கொடுப்பது 9,000 ரூபாய், ஃப்ரேமுக்கு 560-க்கு மேல். உங்கள் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்றால் அந்தப் பதினாறில் ஒன்றையும் நீங்கள் பார்க்கப்போவதில்லை. "இன்னும் மூவாயிரம் போட்டா அடுத்த மாடல்" என்று ஏறிக்கொண்டே போகிறவர்கள் மொத்தத்தை மட்டும் பார்க்கிறார்கள், இந்த இரண்டாவது வகுத்தலைச் செய்வதே இல்லை.

அதே சிப்பிலேயே பணத்தைத் தொலைக்கவும் வழி இருக்கிறது. ஒரே ஆர்டிஎக்ஸ் 5060 இரண்டு ஃபேனில் ஒரு விலை, மூன்று ஃபேனில் ஒரு விலை, விளக்கு எரிந்தால் ஒரு விலை, பெயரில் ஓசி (ஓவர்கிளாக், வேகத்தைச் சற்றுக் கூட்டியது) என்று சேர்ந்தால் இன்னொரு விலை. வேகத்தில் கிடைப்பது ஒன்றிரண்டு சதவீதம். 150 வாட் கார்டுக்கு ஒழுங்கான இரண்டு ஃபேன் போதும். சிலசமயம் ஒரு சிப்பின் ஆடம்பர மாடலின் விலை, அடுத்த பெரிய சிப்பின் சாதாரண மாடலைத் தொட்டுவிடும்; அந்த நேரத்தில் பெரிய சிப்பின் சாதாரண மாடலைத்தான் எடுக்க வேண்டும்.

ஆன்லைன் விலையை மட்டும் பார்க்காமல் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் நாலைந்து கடை ஏறி இறங்குங்கள். ஒரு கடை சொன்ன விலையை அடுத்த கடையில் சொல்லிக் கேட்டாலே கொஞ்சம் இறங்குவார்கள். ஆனால் "பில் வேண்டாம்னா ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம்" என்று ஆரம்பித்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பழுதானால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்லைத்தான்.

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், குறைந்த பணத்தில் அதிக வேகம் கிடைப்பது இங்கேதான், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்கினால். 2022 செப்டம்பர் 15-ல் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் கார்டு வைத்து மைனிங் (கணக்குப் போட்டு நாணயம் ஈட்டுவது) செய்வதில் லாபம் போய்விட்டது, மூட்டை மூட்டையாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே சிப் செத்துவிடாது. தேய்வது ஃபேன், காய்ந்துபோவது சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டும் பேடும்.

எதைத் தவிர்க்க வேண்டும்? ஜிடிஎக்ஸ் 1060, 1070, 1080 உள்ள பாஸ்கல் வரிசைக்கு 2025 அக்டோபரோடு புதிய கேம்களுக்கான டிரைவர் நின்றுவிட்டது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் கொஞ்ச காலம் வரும். எனவே என்விடியா என்றால் ஜிடிஎக்ஸ் 16 வரிசைக்குக் கீழே இறங்காதீர்கள். ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைத்தால் அது நிஜ 580-யா என்று பாருங்கள்: அசலில் 2304 கோர், சீனச் சந்தைக்கென்று வந்த மாடலில் 2048. பெயர் இரண்டிலும் 580. இன்னும் கொடுமை, பழைய ஜிடிஎஸ் 450 கார்டின் பயோஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்பது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள், கோர் எண்ணிக்கையையும் மெமரி வகையையும் அது காட்டும், இப்படிப்பட்ட போலிகளில் பலவற்றைப் பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுவிடும்.

விற்கிறவர் வீட்டிலேயே, கார்டு ஓடுகிற நிலையில் பாருங்கள். "பிசி இல்லை, கார்டு மட்டும்தான்" என்றால் உங்கள் பிசியைத் தூக்கிக்கொண்டு போகலாம், அல்லது விட்டுவிடலாம். ஏதாவது கனமான கேமைக் கால் மணி நேரம் ஓட்டுங்கள், திரையில் வண்ணப் புள்ளிகளோ கோடுகளோ வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா, வெப்பம் 85 டிகிரியைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். எல்லா டிஸ்ப்ளே துளைகளிலும் கேபிளைச் செருகிப் பாருங்கள். கார்டில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணும் பில்லில் இருப்பதும் ஒன்றா? ஸ்குரூ மேல் ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பேஸ்ட் மாற்றியிருந்தால் அது நல்லதுகூட, ஆனால் வாரண்டி போயிருக்கலாம். வாரண்டி மிச்சமுள்ள ஆர்எக்ஸ் 6600 அல்லது 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 புதியதன் பாதி விலைக்கு அமைந்தால், 1080பி ஆடுகிறவர் அதற்கு மேல் தேட வேண்டாம் என்பேன்.

கார்டு வந்த அன்று

கூரியரில் வந்தால் பெட்டியின் டேப்பைக் கிழிப்பதிலிருந்து வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். உள்ளே வேறு பொருள் இருந்தால் அது இல்லாமல் உங்கள் பேச்சு எடுபடாது. பழைய கார்டு வேறு கம்பெனியாக இருந்தால் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். மானிட்டர் கேபிளைப் போர்டில் அல்ல, கார்டில் செருக வேண்டும். 'புது கார்டு போட்டும் அதே எஃப்பிஎஸ்' என்று வரும் புலம்பலில் பாதி இதுதான். மீதியில் பாதி, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸை இன்னும் தேர்ந்தெடுக்காதது.

மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் உங்கள் ஐந்து கேம்களையும் ஆடிப் பாருங்கள். அல்ட்ராவில் ஆரம்பிக்காமல் ஹையில் ஆரம்பியுங்கள், நிழலையும் பிரதிபலிப்பையும் ஒரு படி இறக்கினால் நிறைய கேம்களில் படம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், எஃப்பிஎஸ் கணிசமாக ஏறும். அடுத்த பெரிய கார்டுக்குக் கொடுக்க நினைத்த பணம் பெரும்பாலும் இந்த இரண்டு செட்டிங்கில்தான் ஒளிந்திருக்கிறது.

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது விலை நிற்கும். பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். கடை பில் தெர்மல் பேப்பரில் இருந்தால் எழுத்து ஒரு வருடத்தில் வெளுத்துப் போகும், கார்டின் வாரண்டியோ பெரும்பாலும் மூன்று வருடம்.